சுட்டிக்காட்டக் கூடாத கல்

சீனியர் வக்கீல் என்னிடம் முதலில் கேட்டது எந்தக் கல்லூரி என்றல்ல, எந்தத் தெரு என்றுதான்.

"ஐயம்பேட்டை பக்கம் சார்."

"பக்கம்னா?"

"கொஞ்சம் உள்ள தள்ளி சார்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு. வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன, பணம் என்று சைகை காட்டுவோமே, அந்த மாதிரி. இன்டர்ன்ஷிப்புக்குக் காசு கேட்கிறாரோ என்று பயந்து பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "நாளைக்குக் கறுப்பு பேன்ட், வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

நான் ஊர்ப் பேரை முழுசாகச் சொல்லாததற்கு அவர் ஒரு காரணம் நினைத்திருப்பார். அது இல்லை. என்னை அங்கே அனுப்பியது என் பெரியப்பா. அந்த வக்கீலை வேவு பார்க்க.

சட்டக் கல்லூரியில் அப்போது மூன்றாம் வருடம். இன்டர்ன்ஷிப் முடித்ததற்குச் சான்றிதழ் வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு மாமாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான் ஒருத்தன்தான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை. வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டு வேண்டாம் என்று போகிற புடவைகளைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து வைக்க வேண்டும். வீட்டில் கோர்ட்டுக்குப் போய்ப் பழகிய ஆள் பெரியப்பா மட்டும்தான். அவர் போனது வாதியாக.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரு பாதை இருந்தது. மாட்டுவண்டி போகிற அகலம், ஓரத்தில் வரிசையாகப் பனைமரங்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதே வழியில்தான் எடுத்துப் போவோம். உள்ளே நுழைந்த பிறகுதான் இடது பக்கம், வலது பக்கம் என்று பிரிவோம். பாதை ஓடிய நிலத்தை டவுன்காரர் ஒருவர் மனை போடுவதற்காக வாங்கினார். ஜேசிபி விட்டுச் சமப்படுத்தினார். கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார். கேட்கப் போனவர்களிடம், "வழி வழின்றீங்களே, பேப்பர்ல எங்கப்பா இருக்குது?" என்றார். உண்மைதான், பேப்பரில் இல்லை.

கம்பி இழுத்த அந்த மழைக்காலத்தில்தான் பெரியம்மா இறந்துபோனாள். ஏரிக்கரையைச் சுற்றி, ஓடையில் இறங்கித் தூக்கிக்கொண்டு போனோம். தொடையளவு தண்ணீர். நடுவில் பாடை ஒரு பக்கம் சாய்ந்து, பெரியம்மாவின் கை வெளியே சரிந்து தண்ணீரில் பட்டது. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் அவரை அதிகமாக அறுத்தது வேறு ஒன்று.

பழைய பாதையில் பாதி தூரத்தில் ஒரு கல் இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி வைத்து, தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் மாற்றித் திருப்பி, அதற்கப்புறம்தான் மறுபடி தூக்குவோம். போனவருக்கு வீட்டுக்குத் திரும்பி வரும் வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. கிறிஸ்தவ வீட்டுக்காரர்களும் பெட்டியை அங்கே இறக்கி ஒரு ஜெபம் சொல்வார்கள். பெட்டியைத் திருப்பவும் செய்வார்கள். பாஸ்டர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். ஓடை வழியாகப் போனதால் பெரியம்மாவைத் திருப்பவே இல்லை.

"அவ எங்கியும் போகல. இங்கதான் சுத்திக்கினு இருக்கறா" என்பார் பெரியப்பா. வைத்த இடத்தில் பீடிக்கட்டு இல்லாவிட்டால் அது அவள் வேலை. "உயிரோட இருக்கும்போதே ஒளிச்சி வெப்பா. இப்ப கேக்கணுமா?"

ஆயுள் முழுக்கப் பெயின்ட் அடித்த நெஞ்சு அவருடையது. தெருமுனைக்குப் போய்வந்தாலே மூச்சு இழுக்கும். ஆஸ்பத்திரியில் ஒருமுறை படுத்து எழுந்த பிறகுதான், காலனி சார்பாக வழக்குப் போட அவரே முன்னால் நின்றார். "என்னையும் திருப்பாம கொண்டு போனீங்கன்னு வெச்சுக்க, நானும் திரும்பி வந்து இங்கியே ஒக்காந்துக்குவேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் போடற சண்டைய நீங்கதான் கேக்கணும்" என்று சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. ஒரு வாய்தாவுக்குப் போன பெரியப்பா கோர்ட் கேன்டீனில் ஒன்றைப் பார்த்துவிட்டார். நம் வக்கீலும் நிலத்துக்காரரின் வக்கீலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"கேஸு முடிஞ்சிபோச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "போண்டாவுல முடிச்சிட்டான்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் லா படிக்கறியே. யாருகிட்டயாவது போயி ஒக்காரணும்னு சொன்னியே. அவங்கிட்டயே போயி ஒக்காரு. இன்னா பண்றான்னு பாத்துக்கினு வா."

அப்படித்தான் என் சட்டப் பயிற்சி தொடங்கியது.

சீனியரின் ஆபீஸ் அவர் வீட்டின் முன்னறை. அவர் நெசவுக் குடும்பம். பக்கத்து வீட்டில் அண்ணன் குடும்பம் இன்னும் தறி போட்டிருந்தது. அவர் டிக்டேட் செய்கிறபோது தறிச் சத்தம் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார், ஏனென்று தெரியாது. பதினோரு மணி வாக்கில் உள்ளேயிருந்து காபி வரும். குமாஸ்தாவுக்கு எவர்சில்வர் டம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில். கட்சிக்காரர்களுக்கும் பேப்பர் கப்தான். அப்படியானால் நான் கட்சிக்காரர் கணக்கிலா, வேறு கணக்கிலா? அந்த மாதம் வேறு இன்டர்ன் யாரும் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

குமாஸ்தா வெளியே போன ஒரு நாள் எங்கள் வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்துப் படித்தேன். பிராது ஒழுங்காக இருந்தது. மனுக்கள் ஒழுங்காக இருந்தன. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கோர்ட்டில் அந்த இரண்டு வக்கீல்களும் நீதிபதி முன்னால் நிஜமாகவே கோபமாகச் சண்டை போடுவார்கள். வெளியே வந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு கேன்டீனுக்கு நடப்பார்கள். பேசும்போது சீனியரின் இரண்டு விரல்களும் உரசிக்கொண்டே இருக்கும். கல்லூரியில் தொழில் நெறி என்று ஒரு பாடமே உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலோடு டீ குடிக்கலாமா என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு இன்னா துன்னாங்க?"

"டீ மட்டுந்தான் பெரியப்பா."

"யாரு காசு?"

"நம்ம சார்தான் குடுத்தாரு."

"பாத்தியா. நம்ம பீஸ்ல அவனுக்கு டீ."

இதற்கு நடுவில் கோர்ட்டு ஒரு அட்வகேட் கமிஷனரை நியமித்தது. இடத்தை நேரில் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதி அறிக்கை கொடுக்கிற வேலை. கமிஷனராக வந்தவர் இளம் வயதுப் பெண் வக்கீல். வெள்ளை ஷூ முழுக்கச் சேறாகியும் முகம் சுளிக்காமல் நிலம் முழுக்க நடந்தார். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், நிலத்துக்காரர் தரப்பு இன்னொரு பக்கம். பெரியப்பாவுக்கு அன்று எழுந்து நிற்க முடியவில்லை, வரவில்லை. நான் சீனியர் பின்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பனை வரிசையைத் தவிர நிலம் தட்டையாக, மொட்டையாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. ஜேசிபி ஓட்டினவன் அடுத்த ஊர்க்காரன்; அந்த இடத்தை மட்டும் அவன் ஏன் தொடாமல் விட்டான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"வழி இருந்ததுக்கு ஏதாவது அடையாளம் இருக்குதாங்க?" என்று கமிஷனர் கேட்டார். "கல்லு, மேடை, எதுவா இருந்தாலும் காட்டுங்க. எழுதிக்கறேன்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்தக் கல்லைக் கையால் காட்டக் கூடாது. தோளில் பாடை இருக்கும்போது தவிர அதைப் பற்றிப் பேசவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் தெரியாமல் அந்தப் பக்கம் கை நீட்டினால் கையைத் தட்டிவிட்டு விரலைக் கடிக்கச் சொல்வார்கள், நான் கடித்திருக்கிறேன். அதிலும் வீட்டில் ஒருத்தர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருக்கும்போது அதைக் காட்டினால், இந்த ஆளை அனுப்புகிறோம், தயாராக இரு என்று சொல்கிற மாதிரி. எதற்காக வழக்குப் போட்டோமோ அதற்கான அசல் அத்தாட்சி கூப்பிடு தூரத்தில் புதருக்குள் இருந்தது. பெரியப்பாவின் மேல் இருந்த பிரியத்தால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் இல்லேன்னு எழுதிக்குங்க மேடம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அறிக்கையில் அப்படியே வந்தது. பாதை இருந்ததற்கான புற அடையாளம் எதுவும் காணப்படவில்லை. சீனியர் அதை இரண்டு முறை படித்தார். விரல்கள் உரசின.

"உங்க ஆளுங்க எதையோ மறைக்கறாங்கப்பா" என்றார்.

"எங்க ஆளுங்கன்னா, யாரு சார்?"

"வாதி தரப்பச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை. அறிக்கைக்கு ஆட்சேபணை சொல்லி, கமிஷனரை மறுபடி அனுப்பச் சொல்லி மனுப் போடலாம் என்று நான் விளக்கினேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "மூச்சு வாங்கிக்கினு கெடக்கற மனுஷன பக்கத்துல வெச்சுக்கினு அந்தப் பேச்சு வேணாம்."

பெரியப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "செத்தாப் போறதுக்குத்தான நான் வழி கேட்டு கேஸ் போட்டுக்கறேன். கல்லச் சொன்னா செத்துருவனாம். நல்லா இருக்குதே உங்க நியாயம்." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தார். "ஆனா வக்கீலுகிட்ட மட்டும் சொல்லாத. இன்னிக்கு நீ சொன்னீன்னா நாளைக்கு டீயில கரைச்சிடுவான். மறுநாளு அங்க கல்லு இருக்காது."

என் பயமும் அதேதான். இன்னும் கொஞ்சம் அதிகம். மனுவில் கல் என்று எழுதினால் அதன் நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வக்கீல் விற்கவே தேவையில்லை, சட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்புறம் ஜேசிபிக்கு வெளியூரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்தால் போதும்.

யோசித்துப் பார்த்ததில், சொல்லாமல் இருந்தால் தோற்பது நிச்சயம். சொன்னால் தோற்பது சந்தேகம். அடுத்த நாள் குமாஸ்தா வருவதற்கு முன்னால் போனேன்.

"சார், வாதி என் பெரியப்பா."

"தெரியும்" என்றார் சீனியர், நிமிராமல். "மூக்கு அப்டியே அவரு மூக்கு. இன்னிக்கு என்ன சொல்லச் சொன்னாரு?"

எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் அவர் சொல்லியிருந்தது. நான் கல்லைப் பற்றிச் சொன்னேன். கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது என்று வாயால் மட்டும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"போட்டோ எடுத்தியா?"

"எடுக்கக் கூடாது சார்."

"எடுக்காத. யாருகிட்டயும் பேசாத. என் குமாஸ்தாகிட்டகூட."

ஒரு வக்கீல் தன் குமாஸ்தாவிடம் மறைக்கச் சொன்னால் என்ன அர்த்தம்? அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் டிக்டேட் செய்த மனுவை நானே டைப் அடித்தேன். அதில் கல் என்ற வார்த்தையே வரவில்லை. 'அவ்விடத்திலுள்ள சில முக்கிய அடையாளங்கள் பதிவாகாமல் விடுபட்டுள்ளன' என்று ஒரே வரி.

"சார், கல்லுன்னு போட வேணாமா? இப்டிப் போட்டா தள்ளுபடி பண்ணிட மாட்டாங்களா?"

"டைப் பண்ணு தம்பி."

அன்று மத்தியானம் கேன்டீனில் அவர்களுக்குப் பின் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சீனியர் சலித்துக்கொள்கிற குரலில் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு இன்னாத்த பாத்துதோ போ. பனமரம் வரிசையா நிக்குது, அதக்கூட எழுதல. வழிக்கு ஓரமாத்தான்யா மரம் வெப்பான்."

"விடு சார்" என்றார் மற்றவர். "டீ ஆறிடப் போவுது."

திரும்பிப் பார்த்தேன். விரல்கள் உரசிக்கொண்டிருந்தன. கல்லை இன்னும் சொல்லவில்லை, பனையைச் சொல்லிவிட்டார். நாளைக்கு அதையும் சொல்வார் என்று நினைத்தேன்.

மனு தள்ளுபடியாகவில்லை. கமிஷனர் மறுபடி போய்ப் பார்க்கலாம் என்று உத்தரவானது. அந்த வாரத்திலேயே ஒருநாள் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்தேன், பனைகள் இல்லை. வரிசை முழுக்க வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பச்சை மட்டைகள் அப்படியே கிடந்தன. வெயில் காலத்தில் நாங்கள் நுங்கு வெட்டித் தின்ற மரங்கள்.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "சொல்லிட்டியா அவங்கிட்ட" என்று மட்டும் கேட்டார். நான் அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறப் போனேன். கையால் காட்டக் கூடாது. ஓரக்கண்ணால் பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. புதர் இருந்தது. மறுநாளும் இருந்தது. ஆபீஸில் சீனியர் எதுவுமே நடக்காத மாதிரி வேறு வழக்குகள் எழுத வைத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினேன்.

கமிஷனர் இரண்டாம் முறை வந்த அன்று பெரியப்பா எழுந்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, அப்பாவின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "வாதி நானு. நானே போகலன்னா எப்டி?" அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தாள். காலனியே வந்தது.

கமிஷனர் முதலில் பார்த்தது பனைகளின் வெட்டுவாயை. குனிந்து தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

"போன தடவ நான் வந்தப்ப இதெல்லாம் நின்னுக்கினு இருந்திச்சே. யாரு வெட்டினது? பனை வெட்ட அனுமதி வாங்கினீங்களா?"

எதிர்த்தரப்பு வக்கீல் நிலத்துக்காரரைப் பார்த்தார். நிலத்துக்காரர் போனைப் பார்த்தார்.

"எழுதிக்கறேன்" என்றார் கமிஷனர். "வேற அடையாளம்?"

மறுபடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சீனியர் பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நின்று மூச்சு வாங்கினார். பிறகு வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நேராக நீட்டினார்.

"தோ. அங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒருத்தி "ஐயோ மாமா" என்றாள். பெரியப்பா விரலை இறக்காமலே எங்கள் பக்கம் திரும்பினார். "நான்தான் காட்டனேன். நீங்க யாரும் காட்டல. எதுனா ஆச்சின்னா எனக்குத்தான், போதுமா?"

அப்பா அரிவாளால் புதரைக் கழித்தார். கல் இடுப்பளவு உயரம்கூட இல்லை. மேல்பக்கம் கற்பூரம் எரிந்து எரிந்து தார் மாதிரிக் கறுத்திருந்தது. ஓரத்துக் குழியில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. கமிஷனர் நகத்தால் சுரண்டினார்.

"இது மெழுகா?"

எதிர்வீட்டு அண்ணன், கிறிஸ்தவர், முன்னால் வந்தார். "எங்கப்பா பெட்டிக்கு ஏத்தினதுங்க மேடம். எங்க ஆளுங்களும் இங்கதான் எறக்குவோம்."

"எல்லைக் கல்லு மேடம் அது" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"எல்லைக் கல்லுக்குக் கற்பூரமும் மெழுகுவத்தியும் ஏத்துவாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே கமிஷனர் போனில் படம் எடுத்தார். எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பவில்லை. முதல்முறையாக அதை நேராகப் பார்த்தேன். சாதாரணக் கல்தான்.

திரும்பும்போது சீனியரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஏரிக்கரை தாண்டிய பிறகு கேட்டேன்.

"பனமரத்தப் பத்தி நீங்கதான் சார் அவர்கிட்ட சொன்னீங்க."

"ஆமா. பின்னால ஒக்காந்து கேட்டுக்கினுதான இருந்த."

"வெட்டுவாங்கன்னு தெரிஞ்சி சொன்னீங்களா?"

"எதையோ அழிக்கப் போறாங்கன்னு தெரியும். மனுவுல கல்லுன்னு போட்டிருந்தா கல்லு போயிருக்கும். அடையாளம்னு போட்டதால, எந்த அடையாளம்னு தேடுவாங்க. தேடறவனுக்கு ஒண்ணு குடுக்கணுமில்ல?"

"பொய்யி சார் அது."

"எது பொய்யி? மரம் வரிசையா நின்னுதா, இல்லியா? அந்தப் பொண்ணு எழுதலியா, இல்லியா? வெட்டுடான்னு சொன்னனா?" வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது. "டீ நான் சும்மா வாங்கிக் குடுக்க மாட்டேன்பா."

சிக்னலில் நின்றபோது ஹேண்டில்பார் மேல் அவருடைய விரல்கள் உரசின. அதையும் கேட்டேன். சின்ன வயதில் அவர் வேலை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பதாம். தறியில் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு, இரண்டு விரலால் முறுக்க வேண்டும். விரல் மறக்கவில்லை என்றார். அப்படித்தான் இருக்கும். நான் நம்புகிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு நிம்மதி வரவில்லை. நமக்காக இவ்வளவு சாமர்த்தியமாக உண்மையைப் பேசினவர், இன்னொரு கட்சிக்காரருக்காக இன்னொரு பெஞ்சில் எங்களைப் பற்றி என்ன உண்மையைப் பேசுவார்? வெட்டுப்பட்டது அவர் மரம் இல்லை. அவர் எங்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் நாங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்போம். ஆனால் கேட்கவில்லை.

வழக்கு முடிகிறவரை இறந்தவர்களை எடுத்துப் போக அந்த வழியைத் திறந்துவிட வேண்டும் என்று கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. கம்பியை அறுத்து, பாடை போகிற அகலத்துக்கு வழி விட்டார்கள். மூல வழக்கு இன்னும் நடக்கிறது. சான்றிதழ் வாங்கப் போனபோது ஸ்வீட் பாக்கெட் எடுத்துப் போனேன். காபி பேப்பர் கப்பில்தான் வந்தது. அந்த விஷயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த இன்டர்ன்ஷிப்பை இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டு வாங்கினேன். படிப்பு முடித்து, பதிவு செய்து, இப்போதும் அங்கேதான் போகிறேன். கூடப் படித்தவர்கள் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்; அங்கே உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் சந்தேகம். இலவசம் என்றால் யாரும் நம்புவதில்லை. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், வீட்டு மனைத் தகராறு. நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்.

"எதிர்க் கட்சி வக்கீலுகூட டீ குடிப்பியாப்பா?"

"குடிப்பேன்மா. ஒரே கோர்ட்டுல இருந்துக்கினு குடிக்காம முடியாது. ஆனா இன்னா பேசப் போறேன்னு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடுவேன்."

"நீ சொன்னா? நான் நம்பணுமா?"

"வேணாம்மா. பின் பெஞ்சுல வந்து ஒக்காந்து கேளுங்க."

அந்த அம்மா நிஜமாகவே வந்து உட்கார்ந்தார். போண்டா வாங்கிக் கொடுத்தேன். யார் காசு என்று கேட்டுவிட்டுத்தான் தின்றார்.

வழி திறந்த பிறகு முதலில் அதில் போனது எதிர்வீட்டு அண்ணனின் அம்மா. பெட்டியை இறக்கி, ஜெபம் சொல்லி, திருப்பினார்கள். பாஸ்டர் வானத்தைப் பார்த்தார். பெரியப்பாவும் கல் வரைக்கும் வந்திருந்தார், அக்குளில் ஒரு துணிப்பையோடு. எல்லோரும் முன்னால் நகர்ந்த பிறகு பையிலிருந்து பெரியம்மாவின் பழைய புடவை ஒன்றை எடுத்தார். கல்மேல் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து, முந்தானை இருந்த பக்கம் மாறும்படி மெதுவாகத் திருப்பி வைத்தார். என்னிடம் கொடுத்து, சுடுகாட்டில் அவளைப் புதைத்த இடத்தில் போட்டுவிட்டு வரச் சொன்னார். போட்டேன்.

இரண்டு நாள் ரொம்ப அமைதியாக இருந்தார். மூன்றாவது நாள் காலையில் கட்டிலுக்கடியில் தடவிக்கொண்டே கூப்பிட்டார்.

"டேய் வக்கீலு. அவ போகலடா. பீடியக் காணோம்."

பீடியை ஒளித்து வைப்பது அம்மா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் மும்முரமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாட்சியம் எதுவும் இல்லை. நான் பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டேன். "மூச்சு எப்டி இருக்குது பெரியப்பா?"

அவர் தேடுவதை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா, தெனம் தெனம் கேக்கற? வழி வாங்கிக் குடுத்துட்டு, எப்ப போவான்னு பாத்துக்கினு இருக்கறியா?"